நரிக்கு வாய்த்த புவனம்

தமிழ்ப் பேச்சு வழக்கில் நரிக்கு இரண்டு முகங்கள் உண்டு. எதிர்பாராத நன்மை ஒன்று வந்து சேர்ந்தவரைப் பார்த்து, இன்று நரி முகத்தில் விழித்தீரோ என்று கேட்பது ஒரு வழக்கு. வஞ்சகமாக நடந்துகொண்டவரின் செயலை நரித்தனம் என்று இகழ்வது மற்றொரு வழக்கு. வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று சிறுவர்கள் சொல்வதையும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை தூக்கத்தில் முகம் சுளித்தால் நரி விரட்டுகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். இவ்வழக்குகளில் நன்மை, தீமை, மழை, கனவு ஆகிய எல்லாம் இருக்கின்றன. நரி என்னும் உயிர் மட்டும் இல்லை. இங்கிருந்து ஒரு மெய்யியல் வினா எழுகிறது. ஓர் உயிர் மனிதருக்கு எதைக் குறிக்கிறது, எவ்வளவு பயன்படுகிறது என்பவற்றுக்கு அப்பால், அந்த உயிருக்கே உரிய நன்மை என்று ஒன்று உண்டா? உண்டென்றால், அது மனிதரின் செயலுக்கு எல்லை வகுக்குமா? யானையையோ புலியையோ வைத்து இவ்வினாவை எழுப்பினால், அவற்றின் பெருமிதமே விடையைப் பாதி சொல்லிவிடும். பசுவை வைத்து எழுப்பினால் பாலும் வழிபாடும் குறுக்கே வந்து நிற்கும். பெருமிதமும் பயனும் விலையும் இல்லாத ஒரு சிறிய விலங்கை எடுத்துக்கொண்டால்தான் வினா தன் முழு வலிமையோடு நிற்கும். இந்தியப் புல்வெளிகளில் வாழும் வங்காநரி அத்தகைய விலங்கு.

பெயரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தமிழில் நரி என்னும் சொல் இருவேறு விலங்குகளைக் குறிக்கிறது. ஒன்று, ஓநாயின் இனத்தைச் சேர்ந்ததும் ஊளையிடுவதுமான பெரிய நரி. பஞ்சதந்திரக் கதைகளில் சூழ்ச்சி செய்யும் கரடகனும் தமனகனும் அவ்வினத்தைச் சேர்ந்தவர்களே. மற்றொன்று, அதைவிட மிகச் சிறியதும், வேறு பேரினத்தில் அடங்குவதும், விலங்கியலார் ‘வல்பெஸ் பெங்காலென்சிஸ்’ என்று பெயரிட்டதுமான நரி. சேலம் மாவட்டத்து மக்கள் இதை வங்காநரி என்பர். குள்ளநரி என்னும் சொல்லைச் சிலர் இதற்கும் சிலர் பெரிய நரிக்கும் வழங்குவதால், இக்கட்டுரையில் அச்சொல் தவிர்க்கப்படுகிறது. கதைகளில் பெரிய நரி செய்த சூழ்ச்சிகளுக்கான பழியை, அக்கதைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத இந்தச் சிறிய விலங்கும் பெயர் ஒற்றுமை ஒன்றினாலேயே சுமந்து வருகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இமயத்தின் அடிவாரம் தொடங்கி இந்தியாவின் தென்முனை வரை பரவியிருக்கும் இவ்விலங்கு, இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே இயற்கையாக எங்கும் காணப்படுவதில்லை. எடை ஏறத்தாழ 2 முதல் 4 கிலோ. அதாவது ஏறத்தாழ ஒரு வீட்டுப் பூனையின் எடை, அவ்வளவே. சாம்பலும் மண்ணிறமும் கலந்த மெல்லிய உடல், மெலிந்த கால்கள், பின்புறம் கரும்பழுப்பாக விளிம்பிட்ட நீண்ட காதுகள், உடல் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் அடர்ந்த வால், அதன் நுனியில் தோய்த்து எடுத்தாற்போன்ற கருமை ஆகியவை இதன் அடையாளங்கள். அடர்ந்த காட்டையும் செங்குத்தான மலையையும் ஆளுயரப் புல்லையும் இது விரும்புவதில்லை. மழை குறைந்த சமவெளியில், குட்டையான புல்லும் ஆங்காங்கே முட்புதரும் நிற்கும் திறந்த நிலமே இதன் இடம். மனிதரைக் கண்டால் பெரிதும் மிரள்வதில்லை. துன்புறுத்தாத ஊர்களில் குடியிருப்புகளுக்கு அருகிலேயே வளை தோண்டிக்கொள்கிறது. இந்த மிரளாமை பின்னர் அதற்கே கேடாகிறது.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பது ஒரு பழமொழி. சகுனத்தை மறுக்கும் தெளிவு அதில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்தெளிவும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நரி மனிதருக்குச் செய்தி கொண்டு வரவில்லை என்பதைக் கண்ட அறிவு, அந்த நேரத்தில் நரி எங்கே, எதற்காகப் போய்க்கொண்டிருந்தது என்று கேட்கவில்லை. நரியை நல்ல சகுனமாகக் கொள்பவரும், சகுனத்தைத் தள்ளுபவரும், சூழ்ச்சியின் உருவமாக இகழ்பவரும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசுகிறார்கள்: அந்த இடத்தில் அளவுகோல் மனிதரே. உழவருக்கு நன்மை செய்யும் விலங்கு என்று நரிக்காக வாதிடுவோரும் அங்கேயே நிற்கிறார்கள். வயல் எலிகளை இது தின்கிறது என்பது உண்மையே. ஆனால் எலியை ஒழிக்க மலிவான வேறு வழி கிடைத்த அன்றே அந்த வாதத்தின்படி நரியின் மதிப்பும் போய்விடும். பயனை முன்னிறுத்தும் வாதம் ஓர் உயிருக்கு வழங்கும் பாதுகாப்பு, சந்தை விலையைப் போல ஏறி இறங்கக்கூடியது.

வேறொரு இடத்தில் நின்று பேசுவதற்கான கருவி தமிழ்ச் சமய மரபிலேயே இருக்கிறது. சைவ சித்தாந்தம் என்பது மெய்கண்ட சாத்திரங்கள் எனப்படும் பதினான்கு நூல்களில் வகுத்துரைக்கப்பட்ட மெய்யியல். பதி, பசு, பாசம் என்னும் மூன்று உண்மைகளை அது கொள்கிறது. பதி இறைவன்; பாசம் உயிரைக் கட்டியிருக்கும் தளை; பசு என்பது அத்தளையில் கட்டுண்ட உயிர். மனிதரும் பசு, நரியும் பசு, எறும்பும் பசு. இச்சொல்லை மனிதருக்கு வழங்கும்போது அது உவமை என்றும் விலங்குக்கு வழங்கும்போது நேர்ப்பொருள் என்றும் அந்நூல்கள் பிரித்துக்கொள்வதில்லை. அறியாமை இருளில் செயலற்றுக் கிடக்கும் உயிர் தன் வினையை நுகர்ந்து கழித்து அறிவு பெறுவதற்காக, இறைவன் அதற்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் கூட்டுவிக்கிறான் என்பது சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. தனு உடம்பு, கரணம் அறிவதற்கும் செய்வதற்கும் உரிய கருவிகள், புவனம் வாழ்வதற்குரிய உலகம், போகம் அங்கே நுகரப்படும் இன்ப துன்பங்கள். இந்நான்கும் பொதுவாக உலகத்துக்கு என்று கொடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் தகுதிக்கு ஏற்பத் தனித்தனியே அமைந்தவை. வங்காநரியின் வாழ்வை இந்நான்கின் வழியே பார்க்கும்போது, தனக்கென ஒரு நன்மை உடைய உயிர் என்பதன் பொருள் விளங்கத் தொடங்குகிறது.

பகல் வெப்பத்தில் வளையிலோ புதர் நிழலிலோ முடங்கிக் கிடக்கும் இவ்விலங்கு, பொழுது சாயும் வேளையில் வெளிவருகிறது. வளைவாயில் சற்று நேரம் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்த்த பிறகே இரை தேடப் புறப்படும். அந்நேரத்தில் அடுக்கடுக்காக எழும் குறுகிய குரைப்பொலியால் தன் இணைக்கும் அயலில் வாழும் பிற நரிகளுக்கும் தன் இருப்பைத் தெரிவிக்கும். மெதுவாக நடக்கையில் வால் பின்னே தொங்கியபடி வருகிறது. ஓடுகையில் அதே வால் தரைக்கு இணையாக நீள்கிறது. துரத்தப்பட்டுத் திடீரென்று திரும்ப நேர்கையில் ஏறக்குறைய நேராக மேலெழுந்து நிற்கிறது. நெடுந்தொலைவு விரைந்தோடித் தப்பும் உடல்வலிமை இதற்கு இல்லை. ஓடும் திசையை மாற்றி மாற்றித் துரத்துவோரை ஏமாற்றுவதே இதன் உயிர்காப்பு, அதற்குத் துணை இவ்வால். இதைத்தான் மனிதர் சூழ்ச்சி என்கின்றனர். சூழ்ச்சி என்பது நேர்வழி ஒன்று கண்ணுக்குத் தெரிந்தும் அதை விட்டு விலகுவது. நரிக்கு வளைந்தோடுவதே நேர்வழி. அறம் இது, மறம் இது என்று தேரும் அறிவு இல்லாத உயிரின்மேல் வஞ்சகம் என்னும் குற்றத்தைச் சுமத்துவதற்குச் சித்தாந்தத்திலும் இடமில்லை, பொது அறிவிலும் இடமில்லை.

இதன் உணவு புல்வெளி தருவதெல்லாம். கறையான், வெட்டுக்கிளி, வண்டு, சாணவண்டு, நண்டு, எலி, ஓணான், தரையில் கூடு கட்டும் பறவைகளும் அவற்றின் முட்டைகளும் ஒருபுறம். இலந்தை, வேப்பம்பழம், நாவல் போன்ற கனிகள் மறுபுறம். புற்றின் ஓரத்தில் நின்று, தலையைச் சற்றே சாய்த்து, காதுகளை நிலத்தை நோக்கித் திருப்பி, மண்ணுக்கடியில் எழும் மிக நுண்ணிய அசைவைக் கேட்டுப் பறிக்கும் நரியின் கரணங்களுக்கு எட்டும் உலகம் மனிதரின் கரணங்களுக்கு எட்டாதது. மனிதருக்கு வெறுந்தரையாகத் தெரியும் ஒரு காணி நிலம், நரிக்கு ஒலியும் மணமும் நிறைந்து, ஒவ்வோர் அடியிலும் வேறுபடும் புவனமாக இருக்கிறது. அதன் எச்சத்தில் இலந்தைக் கொட்டைகள் கிடக்கின்றன. புல்வெளியில் எங்கோ ஓர் இலந்தைப் புதர் முளைத்திருப்பதற்கு இவ்விலங்கு காரணமாக இருந்திருக்கலாம். வாங்கிய இடத்துக்குத் திருப்பித் தருவது இதன் நோக்கமன்று. ஆயினும் திருப்பித் தருதல் நடந்துகொண்டே இருக்கிறது.

நரியும் கொன்று தின்னும் உயிர்தானே, எலிக்கும் ஓணானுக்கும் தமக்குரிய நன்மை இல்லையா என்னும் தடை இங்கே எழும். உண்டு என்பதே விடை. ஆனால் கொல்லாமை என்னும் அறம், செய்யவும் தவிர்க்கவும் வல்லவரை நோக்கிச் சொல்லப்பட்டது. இயற்கையில் நடக்கும் கொலைகளையெல்லாம் நிறுத்துமாறு அது மனிதரை ஏவவில்லை, மனிதர் கையால் நடப்பவற்றைப் பற்றியே அது பேசுகிறது. எலியின் பொருட்டு நரியை விரட்டவும், நரியின் பொருட்டு எலியை ஊட்டவும் எவருக்கும் கடமை இல்லை.

வளையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்வுயிரின் போகம் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது. சிறிது நேரம் இளைப்பாற இரண்டு வாயில்கள் மட்டுமே உடைய குறுகிய வளை ஒன்று. குட்டிகளை வளர்ப்பதற்குப் பல வாயில்களும் உள்ளே கிளைத்துச் செல்லும் வழிகளும் கொண்ட பெரிய வளை ஒன்று. இவை தவிரப் பாறையிடுக்குகளும் பயன்படுகின்றன. பெரிய வளைகளில் இருபதுக்கு மேற்பட்ட வாயில்கள் எண்ணப்பட்டதுண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற வனவுயிரியலாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங், 1978-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இவ்விலங்கின் வாழ்வு குறித்து எழுதிய கட்டுரை, தென்னிந்தியாவில் இதனைக் கூர்ந்து நோக்கிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று. ஆணும் பெண்ணும் இணையாக வாழும் இயல்புடைய இந்நரிகள் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான குளிர்காலத்தில் கூடுகின்றன. சினைக்காலம் 50 முதல் 53 நாள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள். தாய் உள்ளே குட்டிகளோடு கிடக்கையில் ஆண் இரை கொண்டுவருகிறது. பிறகு இரண்டும் மாறி மாறிக் காவல் இருக்கின்றன. வளர்ந்த குட்டிகள் அந்திவேளையில் வளைவாயிலில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டு விளையாடும். மழை தொடங்கியதும் பிரிந்து போய்த் தமக்கென இடம் தேடும். அச்சமும் பசியும் விளையாட்டும் இணைவும் பிரிவும் உடைய ஒரு வாழ்வைப் போகம் என்று சொல்லாமல் வேறு எந்தச் சொல்லால் சொல்வது?

இக்கருத்துக்கு எதிராக மரபுக்குள்ளிருந்தே வரக்கூடிய வலிய வாதம் ஒன்று உண்டு. விலங்குப் பிறவி தாழ்ந்தது, மானிடப் பிறவி அரியது என்று சமயங்கள் ஒருமித்துச் சொல்லும்போது, தாழ்ந்த பிறவியின் நன்மை உயர்ந்த பிறவியின் விருப்பத்துக்கு வழிவிட வேண்டாமா என்பதே அவ்வாதம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி, விலங்கை ஐந்தறிவிலும் மக்களை ஆறறிவிலும் வைக்கிறது. சமணமும் புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களைத் தரம் பிரிக்கிறது. ஆனால் இவ்வரிசைகள் எதற்காக வகுக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். விலங்குகளில் ஒரு சாராருக்கும் ஆறாவது அறிவாகிய மனம் உண்டு என்று அதே மரபியல் விலக்கு அளிக்கிறது. எனவே கோடு அங்கே மதிலாக எழுப்பப்படவில்லை. சமணமோ, புலன் மிகுந்த உயிருக்கு இழைக்கும் கேடு மிகப் பெரிய தீவினை என்று காட்டுவதற்கே தரம் பிரிக்கிறது. அந்த அளவில் ஐம்புலனும் உடைய நரி, துறவியாலும் இல்லறத்தாராலும் மிக அஞ்சி நடத்தப்பட வேண்டிய உயிர். மாணிக்கவாசகர் தம் சிவபுராணத்தில் உயிர் எடுத்து இளைத்த பிறவிகளை வரிசைப்படுத்தும்போது புல்லை முதலில் வைக்கிறார்; விலங்கும் பறவையும் பாம்பும் பின்னர் வருகின்றன. அவ்வரிசையில் பேசும் உயிர், அவை ஒவ்வொன்றிலும் தான் இருந்ததாகச் சொல்கிறது. ஏணியின் மேற்படியில் நிற்பவர் கீழ்ப்படியை உடைப்பதற்கு உரிமை பெற்றவர் என்பது அதனால் பெறப்படாது.

நரி வலையில் விழுவதும் அதன் பழவினையே என்று வாதிடுவோருக்கு விடை இன்னும் எளிது. முன்செய்து சேர்ந்த வினை சஞ்சிதம், அதில் இப்பிறவியில் நுகர்வது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம் என்று வினையை மூன்றாக வகுப்பர். பிறர் படும் துன்பம் அவரவர் பிராரத்தமாகவே இருந்தாலும், அதைக் கையால் செய்தவருக்கு அது ஆகாமியமாகச் சேர்கிறது. வினைக்கொள்கை செய்தவரை விடுவிப்பதற்கு வந்த கொள்கை அன்று. ஐரோப்பியச் சிந்தனையில் இம்மானுவேல் காண்ட், விலங்குகளிடம் மனிதருக்கு நேரடியான கடமை எதுவும் இல்லை, விலங்கைக் கொடுமை செய்பவர் மனிதரிடமும் கொடியவராகிவிடுவார் என்பதனாலேயே அது தவறு என்று கருதினார். நரியின்மேல் எறியப்படும் கல் நரிக்குத்தான் வலிக்கிறது என்னும் எளிய உண்மையை அக்கொள்கை சுற்றிக்கொண்டு போகிறது. பசு என்னும் ஒரே சொல்லால் மனிதரையும் நரியையும் குறித்த மரபு இவ்விடத்தில் அவரைவிட நேரானது.

மாணிக்கவாசகர் வரலாற்றில் வரும் நரிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவை வங்காநரிகள் என்று சொல்வதற்கில்லை. காட்டு நரிகள் என்பதே செய்தி. குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட அமைச்சருக்காக, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிப் பாண்டியனிடம் சேர்ப்பித்ததையும், அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளைக் கடித்துவிட்டுக் காட்டுக்கு ஓடியதையும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இவ்விளையாடல் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகிறது. அடியவருக்காக இறைவன் இரங்கியதன் வரலாறு என்றே இதை மரபு கொள்கிறது, அது பொருந்தும். ஆயினும் கதையில் மற்றொன்றும் இருக்கிறது. குதிரைக்கு விலை உண்டு, நரிக்கு விலை இல்லை; அரசனின் கருவூலக் கணக்கில் குதிரை செல்வம், நரி இழப்பு. அக்கணக்குக்கு உட்பட்டு நரிகள் குதிரைகளாக நின்றது ஒரு பகல் மட்டுமே. ஒரே இரவில் அவை தம் தனுவுக்கும் தம் புவனத்துக்கும் திரும்பிவிட்டன. இறைவனே கொடுத்த குதிரை வடிவமும் அவற்றின்மேல் நிலைக்கவில்லை. நரிக்கு உரியது நரியாக இருப்பதே.

விலையை அளவுகோலாகக் கொண்ட அந்தக் கருவூலக் கணக்கு, பிற்காலத்தில் நிலத்தின்மேல் எழுதப்பட்டது. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் 1689-இல் வெளிவந்த தம் அரசியல் நூலில், உழைப்பே நிலத்துக்கு மதிப்பைத் தருகிறது என்றும், உழாமலும் மேய்க்காமலும் இயற்கையின் கையில் விட்ட நிலம் வீணான நிலம் என்றும் கருதினார். வரி தராத நிலத்தைத் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதிய வருவாய்க் கணக்குகளில் இதே மனப்போக்கைக் காணலாம். விடுதலைக்குப் பின்னும் இந்தியப் புல்வெளிகளும் புதர்நிலங்களும் தரிசுநில வரைபடங்களிலேயே இடம்பெற்று வருகின்றன. ஆட்டிடையர் மேய்த்த நிலமும், கானமயிலும் ஓநாயும் வங்காநரியும் வாழ்ந்த நிலமும் காலியிடமாகக் கருதப்பட்டதன் விளைவுகள் பல. ஓரிடத்தில் அது உழப்படுகிறது, ஓரிடத்தில் ஆலைக்கும் சூரியத் தகடுகளுக்கும் போகிறது, ஓரிடத்தில் மரம் நடும் நல்லெண்ணத்தாலேயே அழிகிறது. புல்வெளியில் வரிசையாகக் குழிவெட்டி மரக்கன்று நடுவோர் இயற்கைக்கு நன்மை செய்வதாகவே நம்புகிறார்கள். மரமே இயற்கை, புல் அதன் குறை என்னும் எண்ணம் அவ்வளவு ஆழமானது. நிழல் விழுந்து புல் மறைந்த இடத்தில் அந்தப் புல்லை நம்பிய பூச்சியும் எலியும் பறவையும் குறைகின்றன. நரி ஒரு காயமும் இன்றித் தன் புவனத்தை இழக்கிறது.

மகாராட்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள நன்னஜ் புல்வெளிப் பகுதியில் அபி தமீம் வனக்கும் அவரோடு உழைத்த ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வுகள் இவ்விழப்பின் அளவைக் காட்டுகின்றன. வயலும் தோட்டமும் கலந்த நிலப்பரப்பிலும் வங்காநரி நடமாடுகிறது. ஆனால் குட்டிக்கான வளைக்கு இயற்கையான புல்வெளித் துண்டுகளையே அது நாடுகிறது. அங்கும் நிம்மதி இல்லை. ஊர்நாய்கள் நடமாடும் இடங்களை நரி தவிர்க்கிறது. நாய் அருகில் இருக்கும்போது இரையை விட்டு விலகுகிறது. வெறிநோயும் நாய்க்காய்ச்சலும் நாய்களிடமிருந்து இதற்குத் தொற்றுகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இவ்விலங்கு அழிவின் விளிம்பில் இருப்பதாக இன்னும் குறிக்கப்படவில்லை. அது ஆறுதலுக்குரிய செய்தியே. ஆனால் ஓர் இனம் எண்ணிக்கையில் தப்பியிருக்கிறது என்பதும், ஓர் உயிர் தனக்கு வாய்த்ததை இழந்தது என்பதும் வெவ்வேறு கணக்குகள். வளை இழந்த நரிக்கு இனத்தின் எண்ணிக்கையால் பயன் இல்லை.

சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் காணும் பொங்கலையொட்டி நடக்கும் வழக்கத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தையில் வங்காநரி முகத்தில் விழித்தால் மழை பொய்க்காது, விளைச்சல் பெருகும் என்பது அங்கே தலைமுறைகளாக வந்த நம்பிக்கை. ஊரார் கூடிப் புதர்க்காட்டில் வலை விரித்து ஒரு நரியைப் பிடித்து, மாலை சூட்டி, மேளதாளத்தோடு கோயிலுக்குக் கொண்டுவந்து, காலில் கயிறு கட்டி மக்கள் முன் ஓடவிட்டு, பிறகு காட்டில் விட்டுவிடுவர். வங்காநரி ஜல்லிக்கட்டு என்பது அதன் பெயர். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. வனத்துறையினர் தண்டம் விதிப்பதும் உண்டு. இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மை ஆகாது. நகரவாசிகள் பெயர்கூட அறியாத ஒரு விலங்கைத் தெய்வத்தின் முன் கொண்டு நிறுத்தும் மரியாதை அதில் இருக்கிறது. மழையும் புல்லும் எலியும் நரியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்னும் மானாவாரி உழவரின் பழைய அறிவும் அதன் அடியில் இருக்கக்கூடும். நரி வாழும் ஊரில் நிலம் நலமாக இருக்கிறது என்பது பொய்யன்று.

ஆனால் வழிபாடு என்பது வழிபடப்படுவதை அதன் நிலையில் வைத்து வணங்குவது. பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பதே முதற்பொருள். உயிரை ஏற்கெனவே கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்க இறைவனை வேண்டும் இடத்தில், அவ்வுயிரின் காலில் மற்றொரு கயிற்றைக் கட்டுவது வழிபாட்டின் உட்பொருளோடு முரண்படுகிறது. மேளமும் கூச்சலும் சூழ்ந்த வெளிச்சத்தில், மண்ணுக்கடியில் கறையான் ஊர்வதையும் கேட்கவல்ல காதுகளோடு நிற்கும் அவ்விலங்கின் முகத்தில் தெரிவது அச்சம். அந்த முகத்தில் விழித்துப் பெறும் நன்மையை எந்தத் தெய்வத்தின் பெயரால் நன்மை என்பது? இறுதியில் விட்டுவிடுகிறோமே என்பது போதிய விடை அன்று. இணையைப் பிரிந்து பிடிபட்ட நரி, விடப்படும் இடத்தில் தன் வளையை மீண்டும் சேரும் என்பதற்கு உறுதி இல்லை.

மாற்று வழியை வெளியிலிருந்து தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் ஐயனாருக்குக் குதிரையை நேர்ந்துகொண்டவர் உயிருள்ள குதிரையைக் கொண்டுவருவதில்லை. வேளார் கையால் வனைந்து சுட்ட மண்குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். தெய்வம் அதை ஏற்றுக்கொள்கிறது என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. அதே வேளார் கை, கருநுனி வாலும் விளிம்பிட்ட காதும் உடைய ஒரு மண்நரியையும் வனையும். தை மாதத்தில் ஊரார் அதற்கு மாலை சூட்டி, மேளதாளத்தோடு எடுத்துச் சென்று, விடியலில் அதன் முகத்தில் விழிக்கலாம். புதர்க்காட்டை உழாமலும் மரம் நடாமலும் ஊர்ப் பொதுவாக விட்டுவைக்கும் முடிவை அதே நாளில் அதே கோயில் முன் எடுப்பார்களானால், நரிக்குச் செய்யும் உண்மையான படையல் அதுவாக இருக்கும். வலையைக் கையில் எடுக்க நினைப்பவர் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்: காணும் பொங்கல் வரும் ஜனவரி நடுப்பகுதி வங்காநரியின் ஈற்றுக்காலம், அந்நாளில் வலையில் விழும் பெண்நரி சினையாக இருக்கலாம், அல்லது கண் திறவாத குட்டிகளை வளையில் விட்டு இரைக்கு வந்ததாக இருக்கலாம்.